சால்வியா வாடுதா? உடனே தண்ணி ஊத்தாதீங்க!

செடிக் கடையில் பார்த்தபோது சிவப்பும் ஊதாவுமாகப் பூத்துக் குலுங்கியது. வீட்டுக்கு வந்து மூன்றே வாரத்தில் இலை மஞ்சளாகித் தலை தொங்கிவிட்டது. "தினமும் தண்ணி ஊத்தினேனே, அப்புறம் ஏன் இப்படி?" என்று கேட்கிறீர்களா? பெரும்பாலும் அந்தத் தினசரித் தண்ணீர்தான் காரணம்.

அலங்கார சேஜ் என்று அழைக்கப்படும் சால்வியா செடிகளுக்கு வரும் சிக்கல்களில் பல, வெளியில் ஒரே மாதிரி தெரியும். இலை வாடும், மஞ்சளாகும், உதிரும். ஆனால் காரணம் வேறு வேறு. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் மருந்து அடித்தால் செடியும் போகும், காசும் போகும். நம் ஊர் வெயிலிலும் மழையிலும் சால்வியாவைக் காப்பாற்றுவது எப்படி? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சால்வியா என்றால் என்ன?

சால்வியா என்பது ஒரு செடியின் பெயரல்ல. கிட்டத்தட்ட 1,000 வகைகள் கொண்ட ஒரு பெரிய பேரினம். புதினா, துளசி, கற்பூரவள்ளி, கோலியஸ் எல்லாம் இதே குடும்பம்தான். தண்டைத் தொட்டுப் பாருங்கள். உருண்டையாக இருக்காது, நான்கு பட்டையாக இருக்கும். இலைகள் எதிரெதிராக ஜோடி ஜோடியாக வரும். துளசித் தண்டிலும் இதே அடையாளம் உண்டு.

நம் ஊரில் நீங்கள் பார்க்கக்கூடியவை முக்கியமாக மூன்று.

• சிவப்பு சால்வியா (சால்வியா ஸ்ப்ளென்டன்ஸ்): பிரேசிலைச் சேர்ந்தது. அடர்சிவப்புக் கொத்து. கடுமையான நண்பகல் வெயிலில் சோர்ந்துவிடும். காலை வெயில் போதும்.

• நீல சால்வியா (சால்வியா ஃபாரினேசியா): மெக்சிகோ, டெக்சஸ் பகுதியைச் சேர்ந்தது. நீளமான ஊதா நிறக் கதிர்கள். வெயிலை நன்றாகத் தாங்கும்.

• சால்வியா காக்சினியா: கொத்து அவ்வளவு நெருக்கமாக இருக்காது. ஆனால் சூட்டையும் ஈரப்பதத்தையும் நன்றாகச் சமாளிக்கும். விதை விழுந்து தானாகவே முளைக்கவும் செய்யும்.

சமையலுக்குப் பயன்படும் சேஜ் இவற்றிலிருந்து வேறுபட்டது. அது மத்தியத்தரைக் கடல் பகுதிச் செடி. வறண்ட காற்று அதற்குப் பிடிக்கும். அதனால் நம் ஊர் ஈரக்காற்றில் அதை வளர்ப்பது இன்னும் கடினம். ஒரு முக்கியமான விஷயம்: அலங்காரச் செடி என்று விற்கப்படும் சால்வியாவின் இலையைப் பறித்துச் சமையலில் போடாதீர்கள். அதற்கு என்ன மருந்து அடித்திருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

முதல் இரண்டு வாரம் ஏன் முக்கியம்?

நம் கடைகளில் கிடைக்கும் பூச்செடிகளில் பல, கேமரன் மலை போன்ற குளிர்ந்த இடங்களில் வளர்ந்து வருபவை. அங்கே பகல் வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது குறைவு. இரவில் நன்றாகக் குளிரும். சிங்கப்பூரில் பகலில் 31, 32 டிகிரி சாதாரணம். இரவில்கூட 24, 25 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காது. திடீரென இந்தச் சூட்டுக்கு வந்தால் செடி சில இலைகளை உதிர்க்கும், சில பூக்கள் கொட்டும். அது நோயல்ல, இடமாற்றத்தின் விளைவு.

அப்போது என்ன செய்யலாம்?

• முதல் 4, 5 நாள் வெளிச்சமான நிழலில் வையுங்கள். பிறகு தினமும் ஒரு மணி நேரம் கூடுதலாக வெயில் காட்டுங்கள்.

• வாங்கி வந்த அன்றே உரம் போடாதீர்கள்.

• புதுச் செடியை இரண்டு வாரமாவது தனியாக வையுங்கள். வீட்டில் துளசியும் கற்பூரவள்ளியும் இருந்தால் இது இன்னும் அவசியம். வெள்ளை ஈயும் மாவுப்பூச்சியும் இந்தக் குடும்பத்துச் செடிகள் எல்லாவற்றையும் விரும்பும். அம்மா பத்து வருஷமா வளர்க்கும் துளசி, நீங்கள் வாங்கி வந்த 5 வெள்ளிச் செடியால் பாதிக்கப்பட வேண்டாமே!

வாங்கும்போதே இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். செடியை லேசாக உலுக்குங்கள். வெள்ளைத் தூசிபோல ஏதாவது பறந்தால், அது வெள்ளை ஈ. எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தச் செடி வேண்டாம்.

வாடுகிறது. தண்ணீர் போதவில்லையா, அதிகமா?

பலருக்கும் குழப்பம் ஏற்படும் இடம் இதுதான். தண்ணீர் இல்லாவிட்டாலும் சால்வியா வாடும். தண்ணீர் அதிகமானாலும் அதேபோல வாடும்.

வேர்களுக்கும் ஆக்சிஜன் தேவை. மண் எப்போதும் நனைந்தே இருந்தால் மண்துகள்களுக்கு இடையே காற்று இருக்காது. வேர் பலவீனமாகும். அந்த நேரத்தில் பித்தியம், ஃபைட்டாப்தரா போன்ற கிருமிகள் வேரை அழுக வைக்கும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. சுற்றிலும் தண்ணீர் இருந்தும் செடி தாகத்தில் வாடும். அதைப் பார்த்து நாம் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுவோம். அதோடு கதை முடிந்துவிடும்.

சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், குறிப்பாக நவம்பரிலிருந்து ஜனவரி வரை, நாள்கணக்கில் மண் காயாமல் இருக்கும். அந்த நேரத்தில் "தினமும் ஒரு கப்" என்ற கணக்கு செடிக்கு ஆபத்து.

ஊற்றுவதற்கு முன்னால் இப்படிச் சோதித்துப் பாருங்கள்:

1. விரலை 2, 3 சென்டிமீட்டர் மண்ணுக்குள் விடுங்கள். ஈரமாக இருந்தால் தண்ணீர் வேண்டாம்.

2. பெரிய தொட்டி என்றால் சாத்தே குச்சி ஒன்றை ஆழமாகச் செருகி, சில நிமிடம் கழித்து எடுங்கள். மண் ஒட்டிக்கொண்டு வந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது.

3. தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். காய்ந்த தொட்டி கனமே இருக்காது. இரண்டு, மூன்று முறை தூக்கினால் கை பழகிவிடும்.

மண் காய்ந்து, தொட்டி லேசாக இருந்து, இலை மெல்லிதாகத் துவண்டிருந்தால் தண்ணீர்தான் தேவை. அடித்துளை வழியாக வெளியே வரும்வரை ஊற்றுங்கள். சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும்.

மண் ஈரமாக இருந்து, இலையும் வாடியிருந்தால் வேரில் பிரச்சினை. தண்ணீரை உடனே நிறுத்துங்கள்.

மூன்றாவது ஒன்றும் உண்டு. நண்பகல் 1, 2 மணிக்கு மட்டும் வாடி, மாலையில் தானாக நிமிர்ந்தால் அது சூட்டுக்கு வந்த சோர்வு. செடியைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தால் போதும்.

வேர் அழுகிவிட்டது. காப்பாற்ற முடியுமா?

சீக்கிரம் கண்டுபிடித்தால் முடியும்.

முதலில் செடியைத் தொட்டியிலிருந்து மெதுவாக வெளியே எடுங்கள். நல்ல வேர் வெள்ளையாக அல்லது வெளிர் நிறத்தில், உறுதியாக இருக்கும். அழுகிய வேர் பழுப்பாகவோ கறுப்பாகவோ இருக்கும். பிடித்து இழுத்தால் மேல்தோல் கழன்று, நடுவில் நூல் போல ஒன்று மட்டும் மிஞ்சும். நாற்றமும் வரலாம்.

• ஆல்கஹால் கொண்டு துடைத்த கத்தரிக்கோலால் அழுகிய வேர்களை வெட்டி எடுங்கள்.

• பழைய மண்ணைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

• மிஞ்சிய வேருக்கு ஏற்ற சின்னத் தொட்டியில் புது மண்கலவை போட்டு நடுங்கள். பெரிய தொட்டியில் வேருக்குத் தேவைப்படாத மண் நிறைய இருக்கும். அது காயவே காயாது.

• மேலே உள்ள கிளைகளில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடுங்கள். பூக்களையும் எடுத்துவிடுங்கள். குறைந்த வேரால் அவ்வளவு இலைகளுக்கும் தண்ணீர் அனுப்ப முடியாது.

• வெளிச்சமான நிழலில் வையுங்கள். புது இலை வரும்வரை உரம் வேண்டாம்.

தண்டின் அடிப்பகுதியே கறுத்து மெத்தென்று ஆகிவிட்டதா? அந்தச் செடி பிழைக்காது. ஆனால் மேல்கிளைகள் பசுமையாக இருந்தால் அதிலிருந்து புதுச் செடி எடுக்கலாம். அதைக் கடைசியில் பார்ப்போம்.

வராமல் தடுப்பது எப்படி?

சாதாரணத் தொட்டி மண்ணோடு பெர்லைட் அல்லது பியூமிஸ் போன்ற கரடான பொருளைக் கலந்துகொள்ளுங்கள். இரண்டு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு என்று தொடங்கலாம். வேகமாக இறுகிப்போகும் களிமண் கலவையைத் தவிருங்கள். துளை இல்லாத அலங்காரத் தொட்டியில் நேரடியாக நடாதீர்கள். அடியில் தேங்கும் தண்ணீர் உங்கள் கண்ணுக்கே தெரியாது.

வெள்ளைப் பொடி: எல்லாமே நோய் இல்லை!

நீல சால்வியாவின் தண்டிலும் மொட்டுகளிலும் மாவு தூவியதுபோல வெள்ளையாக இருக்கும். பயப்படாதீர்கள். அது அந்தச் செடியின் இயல்பு. ஃபாரினேசியா என்ற பெயரே மாவு என்ற பொருள் தரும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். அதைத் துடைக்கவோ மருந்து அடிக்கவோ தேவையில்லை.

அப்படியென்றால் எது நோய்? வெள்ளை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

• இலையின் மேற்புறத்தில் வட்ட வட்டமாகத் தொடங்கி, நாளுக்கு நாள் பரவினால் அது சாம்பல் நோய் என்னும் பூஞ்சை.

• இலை தண்டோடு சேரும் இடுக்கில் பஞ்சு போல ஒட்டிக்கொண்டிருந்தால் அது மாவுப்பூச்சி.

• தண்டிலும் மொட்டிலும் சீராகப் பூசியது போல இருந்தால் அது செடியின் இயல்பான நிறம்.

• மண்ணின் மேலும் தொட்டியின் விளிம்பிலும் வெள்ளைப் படிவு இருந்தால் அது உர உப்பு. நிறைய தண்ணீர் ஊற்றி, அடித்துளை வழியாக வடியவிட்டு, சில வாரங்களுக்கு உரத்தை நிறுத்துங்கள்.

சாம்பல் நோய் வருவதற்குக் காற்றோட்டக் குறைவும் நிழலும் முக்கியக் காரணங்கள். தொட்டிகளை நெருக்கி அடுக்கி வைத்தால் வரும். முதல் வேலை, பாதித்த இலைகளைக் கிள்ளிப் பையில் போட்டு வீசுவது. இரண்டாவது, தொட்டிகளுக்கு இடையே இடம் விடுவது. நடுவில் அடர்ந்திருக்கும் ஒன்றிரண்டு கிளைகளையும் எடுத்துவிடலாம்.

அதற்கும் கட்டுப்படாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் முக்கால் தேக்கரண்டி சமையல் சோடாவும் சில சொட்டு மிதமான சோப்பும் கலந்து தெளிக்கலாம். இது நோய் பரவுவதைக் குறைக்கும், ஏற்கெனவே கெட்டுப்போன இலையைப் பழைய நிலைக்குக் கொண்டுவராது. அளவு கூடினால் இலை கருகும். அதனால் முதலில் ஓர் இலையில் மட்டும் தெளித்து ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள்.

இலையின் மேற்புறத்தில் நரம்புகளுக்கு இடையே மஞ்சள் கட்டங்கள், அடிப்புறத்தில் சாம்பல் நிறப் பூஞ்சு. இது அடிச்சாம்பல் நோய், வேறு வகை. துளசி, கோலியஸ் செடிகளிலும் இதுபோன்ற நோய் வரும். இலை இரவு முழுவதும் நனைந்திருந்தால் இதற்குக் கொண்டாட்டம். சமையல் சோடா இதற்குச் சரிப்படாது. பாதித்த பகுதியை உடனே வெட்டி அப்புறப்படுத்துங்கள். அதிகம் பரவியிருந்தால் செடியையே எடுத்துவிடுவது மற்ற செடிகளுக்கு நல்லது.

இலையின் அடியில் செம்பழுப்பு நிறத்தில் சின்னச் சின்னப் பொட்டுகள் இருந்தால் அது துரு நோய். அதற்கும் முதல் சிகிச்சை இலையைக் கிள்ளி வீசுவதும் காற்றோட்டம் தருவதும்தான்.

இந்த இரண்டுக்கும் பொதுவான தடுப்பு ஒன்று உண்டு. காலையில் தண்ணீர் ஊற்றுங்கள், இலைமேல் அல்ல, மண்ணில். இலை நனைந்தாலும் இரவுக்குள் காய்ந்துவிடும்.

பூச்சியா? இலையைத் திருப்பிப் பாருங்கள்

சால்வியாவைத் தாக்கும் பூச்சிகள் பல, இலையின் அடியில்தான் ஒளிந்திருக்கும். வாரம் ஒருமுறை ஒரு நிமிடம் ஒதுக்கித் திருப்பிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டால் கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

• சிலந்திப் பேன்: இலையில் ஊசியால் குத்தியதுபோல வெளிர் புள்ளிகள். முற்றினால் மெல்லிய வலை. மழை படாத, சூடான, வறண்ட மூலையில் வேகமாகப் பெருகும். நம் ஊர்ச் சூட்டில் முட்டையிலிருந்து முழு வளர்ச்சிக்கு ஏறக்குறைய ஒரு வாரம் போதும்.

• வெள்ளை ஈ: செடியைத் தொட்டால் பறக்கும். இலை மஞ்சளாகிப் பிசுபிசுக்கும்.

• அசுவினி: இளந்தளிரிலும் மொட்டிலும் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும். இலை சுருளும். எறும்பு வரிசையாகச் செடியில் ஏறினால் சந்தேகப்படுங்கள். அசுவினியும் மாவுப்பூச்சியும் வெளியேற்றும் இனிப்புத் திரவத்துக்காகத்தான் அவை வருகின்றன. அந்தத் திரவத்தின் மேல் கறுப்புப் பூஞ்சை படரும்.

• மாவுப்பூச்சி: ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எடுங்கள். சில செடிகள்தான் என்றால் இதுவே சிறந்த வழி.

• நத்தை: தரைத்தளத்திலும் தரைவீடுகளிலும் வளர்ப்பவர்களுக்கு. இரவில் வந்து இலையை ஓட்டை போடும், பளபளப்பான தடம் இருக்கும். வெறும் கையால் தொடாதீர்கள். ராட்சத ஆப்பிரிக்க நத்தை போன்றவை மனிதர்களையும் பாதிக்கும் ஒட்டுண்ணிப் புழுவைச் சுமக்கக்கூடியவை. கையுறை போடுங்கள், பிறகு சோப்பால் கை கழுவுங்கள்.

மருந்துக் கடைக்கு ஓடுவதற்கு முன் தண்ணீரை முயன்று பாருங்கள். குளியலறைக்கு எடுத்துப்போய், மண்ணைப் பிளாஸ்டிக் பையால் மூடிவிட்டு, இலைகளின் அடிப்புறத்தில் படும்படி தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். அசுவினியும் சிலந்திப் பேனும் பெருமளவு போய்விடும். அதன்பிறகு செடியைக் காற்றோட்டமான இடத்தில் வைத்து இலையைக் காயவிடுங்கள்.

சோப்புத் தண்ணீர்: சரியாகச் செய்தால்தான் பலன்

ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி மிதமான திரவ சோப்பு. சலவைத்தூள், ப்ளீச் கலந்தவை கூடவே கூடாது. வேப்பெண்ணெய் என்றால் ஒரு லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய், அதைக் கரைக்கக் கொஞ்சம் சோப்பு. புட்டியில் வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

• மாலையில் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

• அடிப்புறம் நனைய வேண்டும். சோப்பு நேரடியாகப் பட்டால்தான் பூச்சி சாகும்.

• ஒருமுறை போதாது. முட்டைகள் தப்பிவிடும். 5 முதல் 7 நாள் இடைவெளியில் மூன்று முறை தெளியுங்கள்.

• வாடிய செடிக்குத் தெளிக்காதீர்கள். முதலில் தண்ணீர்ப் பிரச்சினையைச் சரிசெய்யுங்கள்.

• மலர்ந்த பூவின் மேல் தெளிக்காதீர்கள். தேனீ வரும், தேன்சிட்டு வரும். பலர் சால்வியா வளர்ப்பதே அவற்றைப் பார்க்கத்தானே!

இன்னொன்று. அடுக்குமாடியில் நீங்கள் அடிக்கும் மருந்து உங்கள் செடியோடு நிற்காது. பக்கத்து வீட்டுக் குழந்தை, கீழ்மாடியில் காயும் துணி, நடைவழியில் போகும் பூனை என்று எல்லார்மேலும் படும். காற்று அடிக்காத நேரமாகப் பாருங்கள். முடிந்தால் செடியைக் குளியலறையில் வைத்துத் தெளியுங்கள்.

செடி நல்லாத்தான் இருக்கு, ஆனா பூக்கல!

இலை பசுமையாக, கிளை நீளநீளமாக இருந்தும் பூ இல்லையென்றால் மூன்று காரணங்களைப் பாருங்கள்.

வெளிச்சம். சால்வியாவுக்குத் தினமும் 4 முதல் 6 மணி நேரம் நேரடி வெயில் தேவை. வீவக நடைவழியில் பல இடங்களில் அது கிடைக்காது. ஒரு விடுமுறை நாளில் காலை 8, 10, நண்பகல் 12, பிற்பகல் 2, 4 மணிக்குச் செடி இருக்கும் இடத்தைப் படம் எடுங்கள். எத்தனை படத்தில் வெயில் விழுகிறது? இரண்டில்கூட இல்லையென்றால், உங்கள் இடத்துக்குச் சால்வியா பொருந்தாது. இதே குடும்பத்தைச் சேர்ந்த கோலியஸ் குறைந்த வெயிலிலும் நன்றாக வளரும். பூவுக்குப் பதிலாக இலையிலேயே வண்ணம் கிடைக்கும்.

உரம். நைட்ரஜன் அதிகமுள்ள உரம் இலையை வளர்க்கும், பூவைக் குறைக்கும். மென்மையான புது இலை அசுவினிக்கும் விருந்து. பூச்செடிகளுக்கான மெதுவாகக் கரையும் உரத்தை, பொட்டலத்தில் உள்ள அளவில் போடுங்கள். அடிப்பக்கத்து முதிர்ந்த இலைகள் மட்டும் சீராக மஞ்சளானால், மழையில் சத்து கரைந்துபோயிருக்கலாம். அப்போது உரம் தேவை. மண் நனைந்தே இருந்து எல்லா இலையும் மஞ்சளானால் உரம் தேவையில்லை, வேரைப் பாருங்கள்.

கத்தரிப்பு. பூ காய்ந்த கதிரை, அதற்குக் கீழே உள்ள முதல் ஜோடி இலைக்கு மேலே வெட்டுங்கள். விதைக்குப் போக வேண்டிய சக்தி புதுக் கிளைக்குப் போகும். சிவப்பு சால்வியாவில் மட்டும் கொஞ்சம் கவனம். குழல் போன்ற பூ உதிர்ந்த பிறகும் அதன் வெளிப்புற உறை சிவப்பாகவே இருக்கும். பூ இன்னும் இருப்பதாக நினைத்து விட்டுவிடாதீர்கள். கிளைகள் நீண்டு சாய்ந்தால் மூன்றில் ஒரு பங்கு உயரத்தைக் குறையுங்கள். சில வாரங்களில் புதர்போல நிறைந்து வரும்.

அடித்தட்டைக் கவனித்தீர்களா?

செடியைப் பற்றிப் பேசும்போது கொசுவைப் பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும். 2020ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் 35,000க்கும் அதிகமானோருக்கு டெங்கிக் காய்ச்சல் ஏற்பட்டது. இதுவரை இல்லாத எண்ணிக்கை அது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக் கொசுவாவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் போதும். பூந்தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் கொஞ்சம் தண்ணீரிலேயே அது நடந்துவிடும்.

• தட்டைத் தூக்கித் தண்ணீரைக் கொட்டுங்கள். உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். ஏடிஸ் முட்டைகள் தட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். காய்ந்துபோனாலும் பல மாதம் உயிரோடு இருக்கும், தண்ணீர் பட்டதும் பொரிக்கும்.

• மண்ணின் மேற்பரப்பு இறுகிப்போனால் அங்கேயும் தண்ணீர் தேங்கும். கிளறிவிடுங்கள்.

• வெளியூர் போகும்போது தட்டில் தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டுப் போகாதீர்கள். நண்பரிடமோ பக்கத்து வீட்டாரிடமோ சொல்லிவிட்டுப் போங்கள்.

வீட்டில் கொசுப்புழு இருப்பது தெரியவந்தால் தேசியச் சுற்றுப்புற வாரியம் அபராதம் விதிக்கலாம். இதில் நல்ல செய்தி என்னவென்றால், செடிக்கு நல்லதும் வீட்டுக்கு நல்லதும் இங்கே ஒன்றுதான். தட்டில் தண்ணீர் தேங்காவிட்டால் கொசுவும் வராது, வேரும் அழுகாது.

நடைவழியில் தொட்டி வைத்திருந்தால் குறைந்தது 1.2 மீட்டர் அகலத்துக்கு வழி விடுங்கள். தீ விபத்து போன்ற அவசர நேரத்தில் மக்கள் வெளியேற அந்த இடம் தேவை. தடுப்புச் சுவரின் மேல் தொட்டி வைக்கவே வேண்டாம். வெயில் நன்றாகக் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் பத்தாவது மாடியிலிருந்து விழும் தொட்டி உயிரை எடுத்துவிடும்.

ஒரு கிளையை எப்போதும் தயாராக வைத்திருங்கள்

எல்லாம் சரியாகச் செய்தாலும் நம் ஊர்த் தொட்டியில் சால்வியா நீண்ட நாள் வாழும் செடியல்ல. நாளாக நாளாகத் தண்டு மரம்போலாகும், பூ குறையும். அது உங்கள் தவறல்ல. செடி நன்றாக இருக்கும்போதே கிளை வெட்டிப் புதுச் செடி எடுத்துக்கொண்டால் திரும்பக் கடைக்குப் போக வேண்டியதில்லை.

1. பூ இல்லாத, நோயில்லாத கிளை நுனியை 8 முதல் 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு, ஓர் இலைக் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள்.

2. வெட்டிய இடத்தைப் பாருங்கள். உட்புறம் பழுப்பாக இருந்தால் அந்தக் கிளை வேண்டாம்.

3. கீழ்ப்பாதி இலைகளைக் கிள்ளிவிடுங்கள்.

4. ஈரமான பெர்லைட்டும் தென்னை நார்த்தூளும் கலந்த சின்னக் கப்பில் செருகுங்கள். கப்பின் அடியில் துளை அவசியம்.

5. ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பையால் தளர்வாக மூடி, நேரடி வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள்.

இரண்டு மூன்று வாரத்தில் வேர் பிடிக்கும். மெதுவாக இழுத்துப் பார்த்தால் லேசாக எதிர்த்துப் பிடிக்கும். அதன்பிறகு தொட்டிக்கு மாற்றலாம். இரண்டு மூன்று குச்சிகளாக வையுங்கள். ஒன்று போனாலும் மற்றொன்று இருக்கும்.

சுருக்கமாக

• மண் ஈரம், இலை வாட்டம்: வேர் அழுகல். தண்ணீரை நிறுத்தி வேரைப் பாருங்கள்.

• மண் காய்ச்சல், இலை வாட்டம்: தாகம். அடிவரை தண்ணீர் ஊற்றுங்கள்.

• நண்பகலில் மட்டும் வாட்டம்: சூடு. இடத்தை மாற்றுங்கள்.

• இலைமேல் பரவும் வெள்ளை வட்டம்: சாம்பல் நோய். கிள்ளி வீசி, காற்றோட்டம் கொடுங்கள்.

• வெளிர் புள்ளியும் மெல்லிய வலையும்: சிலந்திப் பேன். அடிப்புறத்தைக் கழுவி, சோப்புத் தண்ணீர் மூன்று முறை.

• நீண்ட கிளை, பூ இல்லை: வெயில் போதவில்லை, அல்லது உரம் அதிகம்.

அடுத்தமுறை சால்வியா தலை தொங்கினால் தண்ணீர்க் குவளையை எடுக்காதீர்கள். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். பத்து நொடிகூட ஆகாது.